தெருவுக்கு வரும் பணம்: புதிய நிர்வாகிகளுக்குப் பதினோரு அறிவுரைகள்

போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் உங்கள் ஐந்து பேர் பெயரையும் வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அதே கைகள் இனி காலை ஏழு மணிக்கே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். "தெருவிளக்கு எரியல." "குப்பை வண்டி வரல." "பக்கத்து நகர்ல பார்க் வந்துடுச்சு, நமக்கு ஏன் வரல?" பத்தொன்பது வருடம் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன், இந்த மூன்றாவது கேள்விதான் ஆளைத் தூங்கவிடாது. விளக்குக்கும் குப்பைக்கும் புகார் எண் போதும். பூங்காவுக்கும் வடிகாலுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் அரசாங்கத்திடம் இருக்கிறது. அது தெருவுக்கு வர வழியும் வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் நடந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்ததால் ஃபைல் எப்படி நகரும், எந்த மேசையில் படுத்துக்கொள்ளும் என்பது கொஞ்சம் தெரியும். மற்றதெல்லாம் அலைந்து கற்றது. சென்னைப் புறநகரில் நூற்றுப் பத்து வீடுகள் கொண்ட நம் நகரை வைத்துத்தான் சொல்கிறேன். ஊர் மாறினால் அலுவலகத்தின் பெயர் மாறும், அவ்வளவுதான்.

1. எது யாருடைய வேலை என்று முதலில் விசாரியுங்கள்.

தெருவில் நின்று பார்த்தால் எல்லாமே "கவர்ன்மென்ட்" என்று ஒன்றாகத் தெரியும். உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு. உட்புறத் தெருவின் சாலை மாநகராட்சியுடையது. அது போய்ச் சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது, அதில் எரியும் விளக்கு உள்ளாட்சியுடையது. ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறையின் கையில் இருக்கும். சென்னை மாநகராட்சிக்குள் குடிநீரும் கழிவுநீரும் 1978-ல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருமுனையில் ஒரு பள்ளத்துக்காக நான் எட்டு மாதம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். ஒவ்வொரு முறையும் மரியாதையாக உட்காரவைத்து மனுவை வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சாலை அவர்களுடையதே இல்லை என்று ஒன்பதாம் மாதம்தான் ஒருவர் சொன்னார்.

சின்னக் குறைகளுக்குப் பணத்தையும் மனுவையும் தேடிப் போகாதீர்கள். பெருநகர சென்னை மாநகராட்சி முழுவதற்கும் புகார் எண் 1913. ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் 1913-தான், அப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். முதலமைச்சர் உதவி மையத்துக்கு 1100. எதில் பேசினாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிவையுங்கள். எண் இல்லாத புகார் வெறும் புலம்பல்.

2. சங்கத்தின் பதிவை உயிரோடு வைத்திருங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். பதிவு செய்வது ஒரு நாள் வேலை, அதைக் காப்பாற்றுவதுதான் வருடம் முழுக்க உள்ள வேலை. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவைத் தணிக்கை செய்ய வேண்டும், நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நடுவில் நாலு வருடம் நாம் இதைக் கோட்டை விட்டோம். சரியாக அந்த நேரத்தில் ஒரு நல்ல திட்டம் வந்தது. "சங்கம் நடப்பில் இருக்கிறதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். மினிட் புத்தகத்தில் கடைசிக் கூட்டம் நாலு வருடத்துக்கு முந்தைய பொங்கல் விழாவோடு நின்றிருந்தது. கோலப்போட்டிப் பரிசுப் பட்டியலை ஆதாரமாகக் காட்ட முடியுமா?

3. கட்டடத்தை நினைக்கும் முன் காலடி மண் யாருடையது என்று பாருங்கள்.

உடற்பயிற்சிக் கூடம், நூலகம், பூங்கா என்று பேசும்போது எல்லோருக்கும் கண் பளிச்சிடும். பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி சர்வே எண். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய இடத்துக்குப் பத்திரம் எழுதாமலே விட்டவர்கள் உண்டு. பிறகு அதையே மனையாக விற்றவர்களும் உண்டு. ஆகவே அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகல், தானப் பத்திர நகல், நில அளவைப் பதிவேட்டு விவரம் மூன்றையும் சங்கக் கோப்பில் வையுங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால், பூங்கா இடத்தில் யாராவது கல் நடும் அன்றே போய்க் கேட்கலாம்.

4. ஒரு மனுவில் ஒரே ஒரு குறை.

புதியவர்கள் எழுதும் மனுவைப் பார்த்திருக்கிறேன். கொசு, நாய், சாலை, ரேஷன் கடை, பேருந்து எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அந்த மனு எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாமல் அனாதையாகிவிடும். ஐந்து குறை என்றால் ஐந்து தாள். "பொருள்" என்று போட்டு ஒரே வரியில் கேட்பதைச் சொல்லுங்கள். "பார்வை" என்று போட்டு முந்தைய மனுவின் தேதியையும் எண்ணையும் எழுதுங்கள். பிறகு அளவு: எத்தனை மீட்டர், எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, எத்தனை வீடுகள், மழையில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது. பக்கத்தில் ஒரு புகைப்படம். "மிகுந்த சிரமத்துக்கு உள்ளாகிறோம்" என்று பத்து வரி எழுதுவதைவிட, "142 மீட்டர், 31 வீடுகள்" என்ற இரண்டு எண்கள் பொறியாளருக்கு உதவும். அவர் மதிப்பீடு போடத் தேவையானது அதுதான்.

கொடுக்கும்போது இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் தருவார்கள். முத்திரை பட்ட தாள் ஒவ்வொன்றும் அடுத்த மனுவின் "பார்வை"யில் ஏறும். மூன்றாவது மனுவில் பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று வரிசையாக நிற்கும்போது படிக்கிறவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

5. மூன்றில் ஒரு பங்கைத் தெரு போட்டால் வேலை வேகம் பிடிக்கும்.

நீங்கள் முதலில் படிக்க வேண்டியது நமக்கு நாமே திட்டம். 1997-98ல் தொடங்கியது. 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021-ல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. பெயர்ப்பலகை மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: வேலையின் மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், மீதியை அரசு போடும். வேலையின் வகையைப் பொறுத்து இந்தப் பங்கு மாறலாம், அன்றைக்கு நடப்பில் உள்ள அரசாணையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி. மதிப்பீடு 6 லட்சம் என்றால் தெருவின் பங்கு 2 லட்சம். 80 வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு 2,500 ரூபாய். கேட்கச் சுலபம். வசூலிக்கப் போனால்தான் மனிதர்கள் தெரிவார்கள். "நான் வரி கட்டுகிறேனே, இதுக்கு வேற தரணுமா?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி, சண்டை போடாதீர்கள். வரிப்பணம் ஊருக்கெல்லாம் பொது, வரிசையில் நம் முறை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, பங்கு போட்டால் வரிசையில் முன்னே போகலாம், அதற்கான விலை இது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இது எனக்கே முழுக்க உடன்பாடான ஏற்பாடு அல்ல. காசுள்ள தெரு முன்னே போகும், இல்லாத தெரு பின்னே நிற்கும் என்ற குறை அதில் உண்டு. அதனால்தான் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் போடாதீர்கள் என்கிறேன். தனி மனிதரோ கடைக்காரரோ நிறுவனமோ கூடுதலாகத் தரலாம். நாங்கள் வடிகாலுக்கு வசூலித்தபோது பதினான்கு வீடுகளில் ஒரு பைசா வாங்கவில்லை. எந்த வீடுகள் என்பது எனக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரியும். அவர் காலமாகிவிட்டார். நான் சொல்லப் போவதில்லை.

6. கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. மூவரிடமும் கேளுங்கள், ஆனால் கணக்குத் தெரிந்து கேளுங்கள்.

எம்.பி. தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பரில் வந்தது. 2011-12லிருந்து அது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடி. அந்தப் பணம் அவர்கள் சட்டைப் பைக்கு வருவதில்லை. அவர்கள் வேலையைப் பரிந்துரைப்பார்கள், அனுமதியும் செயலாக்கமும் அதிகாரிகள் வழியாக நடக்கும். ஐந்து கோடி என்றதும் நமக்கு மலைப்பாக இருக்கும். ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை தெரு என்று எண்ணிப் பாருங்கள், நம் பங்குக்கு எவ்வளவு தேறும் என்று புரியும். அதனால் எம்.பி.யிடம் போய் விளக்கு பல்பு கேட்காதீர்கள். பள்ளிக்கூட வகுப்பறை, சமுதாயக் கூடம் மாதிரிப் பல தெருக்களுக்கு உதவும் நிலையான வேலையைக் கேளுங்கள்.

எந்த நிதியானாலும் நேரம் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு மேசை, ஒவ்வொரு மேசையிலும் ஒரு விடுப்பு. பிப்ரவரியில் கேட்டால் அடுத்த வருடம் என்பார்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதி என்பார்கள், புதிய வேலை தொடங்காது. மழைக்கு முன் வடிகால் வேண்டுமென்றால் போன மழையின் ஈரம் காயும் முன்பே மனு போயிருக்க வேண்டும்.

ஒரு கட்சியின் வாசலில் மட்டும் நிற்காதீர்கள். சங்கத்துக்குக் கட்சி கிடையாது. உங்களுக்கு இருக்கலாம், அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

7. ஏரியா சபைக்குப் போய் உட்காருங்கள்.

கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஓர் இடம் உண்டு. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வார்டு குழுக்களைப் பற்றிய பேச்சு அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வார்டு குழு, ஏரியா சபைக்கான விதிகள் வர 2022 ஆயிற்று. முதல் ஏரியா சபைக் கூட்டங்கள் அந்த வருடம் நவம்பர் 1 அன்று நடந்தன. ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும் என்பது ஏற்பாடு.

போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? மைக் கிடைத்ததும் ஆத்திரத்தைக் கொட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு பேர் போங்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று கேட்டுவிட்டே எழுந்திருங்கள். அடுத்த கூட்டத்தில் "சென்ற கூட்டத்தில் பதிவான எங்கள் கோரிக்கை" என்று ஆரம்பிப்பதற்கு இணையான ஆயுதம் இல்லை. கூட்டம் எப்போது என்று யாரும் சொல்லவில்லை என்ற சாக்கு வேண்டாம். கவுன்சிலர் அலுவலகத்தில் தேதியைக் கேட்டு நம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

8. தெருவில் வாழ்கிறவர் எல்லோரும் தெருக்காரர்தான்.

சங்கம் என்றால் சொந்த வீட்டுக்காரர் சங்கம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்தேன். மூன்றாம் தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் இருபது வருடமாக நம் சட்டைகளைத் தேய்க்கிறார். கொரோனா ஊரடங்கில் வண்டி நின்றது. கந்துவட்டிக்குக் கடன் வாங்கினார். அந்த 2020 ஜூனில்தான் தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன் தொடங்கியது. முதல் கடன் 10,000 ரூபாய், அடமானம் இல்லை, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், அடைத்தால் அடுத்தது 20,000, பிறகு 50,000. 2025-ல் முதல் தவணையை 15,000, இரண்டாவதை 25,000 ஆக்கினார்கள். துணி தேய்ப்பவருக்கும் அது உண்டு. அன்றைக்குச் செய்தித்தாளில் நான் அதைப் படித்தேன். படித்த பேப்பரை மடித்து அவரே தேய்த்துத் தந்த சட்டைக்குக் கீழே வைத்தேன். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவர் கந்துவட்டிக்கு வாங்கியது ஒரு வருடம் கழித்துத் தெரிந்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆகவே சொல்கிறேன். வீடு வீடாக வேலை செய்யும் அம்மாக்கள், காய்கறி வண்டிக்காரர், வாட்ச்மேன், வாடகைக்கு ஒற்றை அறையில் இருக்கும் முதியவர், இவர்களுக்குரிய திட்டம் எது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவித்தொகை, 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை, சுயஉதவிக் குழுவுக்கான சுழல்நிதி, 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம். அந்தச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்பது பல வியாபாரிகளுக்கே தெரியாது.

பெரும்பாலும் இவர்கள் தடுக்கி விழுவது பெரிய கல்லில் அல்ல. ரேஷன் அட்டையில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. பழைய முகவரி. ஆதாரோடு இணையாத வங்கிக் கணக்கு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உங்களில் ஒருவர் இ-சேவை மையத்துக்கு இவர்களோடு போங்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் காரணத்தைக் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள். முதல் "இல்லை"யோடு திரும்பி வருவதுதான் ஏழையின் வழக்கம், கூட நிற்கிற ஒருவரால்தான் அதை மாற்ற முடியும்.

9. கை நீட்டினால் கொடுக்காதீர்கள்.

"கொஞ்சம் கவனிச்சீங்கன்னா சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் அது அலுவலகத்துக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும். 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினால் 7 நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டும் பாதுகாப்பு. சட்டத்தை விடுங்கள். சங்கப் பணத்தில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? எழுத முடியாத செலவைச் செய்யாதீர்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பல சிக்கல்கள் வாசலோடு போய்விடும்.

10. வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள்.

நிதி வந்ததும் மாலை போட்டுப் படம் எடுத்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம். உண்மையில் காவல் அன்றைக்குத்தான் தொடங்க வேண்டும். பணி ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நீளம், அகலம், கனம் அதில் இருக்கும். புதுச் சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்களா என்று பாருங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டதால்தான் முதல் தெருவில் வாசல்படிகள் ஒவ்வொன்றாக மறைந்து, இப்போது சாலைத் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது. வடிகாலில் பார்க்க வேண்டியது சரிவு. வாளி தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. மேஸ்திரியிடம் அதிகாரம் காட்டாதீர்கள், மோர் கொடுங்கள். குறையை உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "அளவுப் புத்தகத்தின் நகல் தருக" என்று கேளுங்கள், தாள் வரும். வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் இதைக் கோபத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். வாரம் ஒரு ஆர்.டி.ஐ. போடுகிறவரைப் பார்த்து அதிகாரி பயப்பட மாட்டார், சலித்துக்கொள்வார்.

11. சாவியைப் பற்றி.

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதில்தான் நான் தவறினேன். ஆறு வருட அலைச்சலுக்குப் பிறகு பூங்கா வந்தது. ஊஞ்சல், நடைபாதை, நாலு விளக்கு. ரயில்வே லைன் ஓரத்துக் குடிசைப் பையன்கள் மாலையில் வந்து ஊஞ்சலில் நின்று ஆடினார்கள். சங்கிலி அறுந்தது. கமிட்டியில் பேசி, "குடியிருப்போருக்கு மட்டும்" என்று பலகை மாட்டி, பூட்டுப் போட்டோம். சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியது. கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகலாம் என்று ஏற்பாடு.

ஒரு நாள் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர் அம்மா வாசலில் வண்டியை நிறுத்தி, "சார், பார்க் சாவி வேணும், பெருக்கணும்" என்றார். கொடுத்தேன். நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, "பெருக்கிட்டு என் பேத்திய பத்து நிமிஷம் ஊஞ்சல்ல உட்கார வெச்சிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார். பொதுப் பணத்தில் வந்த ஊஞ்சலுக்கு, அதைப் பெருக்குகிற மனுஷி என்னிடம் அனுமதி கேட்டார். நானும் கொடுப்பதற்கு அனுமதி என்னிடம் இருப்பது போல நின்றேன்.

அடுத்த கமிட்டியில் பலகையைக் கழற்றச் சொன்னேன். எட்டுக்கு மூன்று என்று தோற்றேன். மறு வருடம்தான் கழன்றது. சங்கிலி இன்னும் இரண்டு தடவை அறுந்தது. சந்தாவிலிருந்து மாற்றினோம், அதற்கு இப்போது வருட பட்ஜெட்டில் ஒரு தலைப்பே இருக்கிறது, அதை நீங்கள் எடுத்துவிடாதீர்கள்.

பூங்கா காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூட வேண்டும். இந்த வாரம் வரை நான் திறந்தேன். திங்கட்கிழமையிலிருந்து உங்கள் முறை. யார் யார் எந்த நாள் என்று எழுதி கேட்டில் ஒட்டிவிடுங்கள், எண்ணெய் போட மறக்காதீர்கள், மழைக்காலத்தில் பூட்டு இறுகிப்போகும்.